போக ஒன்றரை, வர நாலரை

பம்பாயிலிருந்து துபாய்க்கு விமானத்தில் மூன்று மணி நேரம். எண்பதுகளில் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எழுதுவதுதான் என் வேலை. அன்றைக்கு டிக்கெட் என்பது கார்பன் பூசிய தாள்களைச் சேர்த்து ஒட்டிய சின்னப் புத்தகம். பேனாவை அழுத்திப் பிடித்து, புறப்படும் ஊரையும் போய்ச்சேரும் ஊரையும் மூன்று மூன்று எழுத்தாக எழுத வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதுவரை என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். டிக்கெட்டை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகு, "எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?" என்பார். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறவருக்கு அது மூன்று மணி நேரமானால் என்ன, மூன்றேகால் ஆனால் என்ன? ஆனாலும் எல்லாரும் கேட்டார்கள். நானும் சொன்னேன்.

என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு விமானக் கம்பெனி கொடுத்த படம் தொங்கியது. பம்பாயிலிருந்து நாலா பக்கமும் சிவப்புக் கோடுகள் கிளம்பிப் போகும். துபாய்க் கோடு என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். மெட்ராஸ் கோடு அதில் பாதி. ஆனால் எங்களுக்கு மெட்ராஸ் என்பது ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும்; அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னொரு ராத்திரி. ஆக, நாங்கள் குடியிருந்த தாராவியில் நின்று பார்த்தால் சொந்த ஊரைவிடத் துபாய்தான் பக்கம். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அப்பா.

அப்பா துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். எங்கள் வீட்டில் மூன்றே பேர். அதில் ஒருவர் எப்போதும் அங்கே. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு லீவில் அவர் எனக்கு ஒரு கணக்குப் போட்டார். பம்பாயில் எட்டு மணிக்கு ஏறினால் துபாயில் இறங்கும்போது அங்கே ஒன்பதரை. துபாயில் எட்டு மணிக்கு ஏறினால் பம்பாயில் இறங்கும்போது இங்கே பன்னிரண்டரை.

"போறதுக்கு ஒன்றரை மணி நேரம், வாரதுக்கு நாலரை. எப்படின்னு சொல்லு பாப்போம்?"

காற்று எதிர்த்து அடிக்கும் என்றேன். அப்பா சிரித்துவிட்டு, அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, பறக்கிறது என்னவோ இரண்டு பக்கமும் மூன்று மணி நேரம்தான் என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும், அவள் ஒன்றும் மக்கு கிடையாது. ஆனால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கடியாரம் என்னத்தையும் காட்டிட்டுப் போகட்டும். போறப்ப சட்டுன்னு போயிருதிய. வாரதுக்குத்தான் நேரமாவுது. அது உள்ளதுதான?"

அப்பா வந்து இறங்கும் நாளில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சந்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, சென்ட் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அப்பா சுவரில் சாய்ந்து பாயில் உட்காருவார். அம்மா மூலையில் ஸ்டவ்வுக்கு முன்னால் இருப்பாள். குழம்பு இறக்கினால் பொரியல், பொரியல் இறக்கினால் அப்பளம். இரண்டு வருஷமாக மனசுக்குள் சமைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே நாளில் இறக்கிவிடுவது என்று இருப்பாள்.

"நீ இங்கன வந்து கொஞ்சம் உக்காரேன்."

"இந்தா, சோறு பொங்கிரும்."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். "ஆயிரத்து இருநூறு மைல மூணு மணி நேரத்துல தாண்டி வந்துட்டேன். இந்த ஆறடியத் தாண்ட முடியல, பாத்தியா? ஒங்கம்மைக்கு அந்த அடுப்புதான் மாப்பிள்ள."

அம்மா திரும்ப மாட்டாள். ஆனால் சிரிக்கிறாள் என்பது முதுகிலேயே தெரியும். ஒவ்வொரு லீவிலும் இது நடந்தது. ஒரு லீவில்கூட அவள் எழுந்து வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வேலை கிடைத்து இரண்டாவது வருஷம், நல்ல மழைக்காலத்தில், ஏஜென்சிக்கு ஒரு போன் வந்தது. அப்பா எப்போதாவது அங்கேதான் கூப்பிடுவார், எங்கள் வீட்டில் ஏது போன்? ஆனால் அவருக்கு லீவு நாள் வெள்ளிக்கிழமை. அதனால் வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவார். இது செவ்வாய்க்கிழமை. பேசியதும் அவர் இல்லை. அவரோடு ஒரே கேம்ப்பில் தங்கியிருந்த நாகர்கோவில்காரர்.

"அப்பா கப்பல் மேலேருந்து விழுந்துட்டாரு மக்ளே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

நான் "சரி" என்றேன். "எப்போ?" என்று கேட்டேன். காலையில் என்றார். அதற்கும் "சரி" என்றேன். லைன் இரைந்தது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் எதிரில் செம்பூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் டிக்கெட்டில் பாதிதான் எழுதியிருந்தேன். மீதியை எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றேன்.

அவர் போன பிறகு எழுந்து முதலாளியிடம் போனேன். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், நாங்கள் சார் என்போம்.

"சார், நான் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அப்பா செத்துப்போயிட்டார்."

அவர் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் எழுந்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அழுகை வரவில்லை, வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மாதுங்காவிலிருந்து தாராவிவரை நடந்தே போனேன். பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா செத்ததைக் கத்திச் சொன்னதுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

அம்மா என்னைப் பார்த்தாள். கையை நீட்டி ஸ்டவ்வின் திருகைத் திறந்து காற்றை இறக்கிவிட்டாள். இரைச்சல் அடங்கியது. பானையில் அரிசி பாதி வெந்து நின்றது.

"எப்பக் கொண்டாருவாவளாம்?"

"தெரியலம்மா."

"மூணு மணி நேரம்தான," என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால், உடலைத் தூக்கும்வரை அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். தூக்கிய பிறகு வீட்டைக் கழுவிவிட்டு, குளித்துவிட்டுத்தான் அடுப்பில் நெருப்பு. அதுவரை அக்கம்பக்கத்துச் சாப்பாடு. ஊரில் இது என்ன, மிஞ்சிப் போனால் ஒரு நாள். காலையில் செத்தால் சாயங்காலம் தூக்கிவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பவர் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வந்துவிடுவார் என்று அடுப்பை அணைத்தாள். நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. விமானத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று மணி நேரம்தான். அதே தொழிலில் இருந்த எனக்கும் அதற்கு மேல் எதுவும் உறைக்கவில்லை.

பாதி வெந்த சோற்றை வெளியே கொண்டு போய்க் கொட்டினாள். டிரங்குப் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளினாள். தண்ணீர் டிரம்மை வாசலுக்கு நகர்த்தினாள். அறையின் நடுவில், தெற்கே தலை வைத்து ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் காலியானது. அதைத் துடைத்துவிட்டாள். அப்பாவுக்கு இடம் தயாராகிவிட்டது.

சந்துப் பெண்கள் வந்து அந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அதை மிதிக்கவில்லை. ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள். இரண்டு அடிக்கு மேல் அது ஓடவில்லை. நடுவில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பாட முடியும்? கொஞ்ச நேரத்தில் பேச்சு குழாய்த் தண்ணீருக்குப் போய்விட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவும் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அந்தக் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விவரம் சொன்னார். அங்கே போலீஸ் எழுதித் தர வேண்டும். கம்பெனி எழுதித் தர வேண்டும். தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும். உடலுக்கு மருந்து ஏற்ற வேண்டும், துத்தநாகத் தகடு அடித்த பெட்டி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு விமானத்தின் அடி வயிற்றில், சரக்கு ஏற்றும் இடத்தில், பெட்டிக்கு இடம் கிடைக்க வேண்டும்.

"பறக்கறத்துக்கு மூணு மணி நேரம்தான் குழந்தே. கிளப்பறத்துக்குத்தான் நாளாறது."

"எத்தனை நாள் சார்?"

"சொல்ல முடியாது. ரெண்டு வாரம், மூணு வாரம். சில பேருக்கு மாசமும் ஆயிருக்கு."

அவர் ஆறு வருஷமாக அதே விமானங்களுக்கு டிக்கெட் விற்கிறவர், அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்கள் மேலே உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு போகும்போது காலுக்குக் கீழே என்ன போகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போய் என் மேஜையில் உட்கார்ந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். ஸ்டவ்வைத் துணியால் துடைத்து மறுபடியும் அதே மூலையில் வைத்தாள்.

அதன் பிறகு நாங்கள் சந்துச் சோற்றில் இருந்தோம். முதலில் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் போனதும் தூக்குவாளிகள் குறைந்தன. யாரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் ரேஷன் அரிசிக்காரர்கள். சாவுச் சோறு போடுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. எதிர் வீட்டு லாத்தா மட்டும் விடவில்லை. காயல்பட்டணம் பக்கத்துக்காரி, அவள் புருஷன் தோல் வியாபாரம். லாத்தா என்றால் அவர்களில் அக்கா. சந்தில் எல்லாருக்குமே அவள் லாத்தாதான்.

"ஏ புள்ள, அம்மாவ ரெண்டு வாய் திங்கச் சொல்லு. கறி ஒண்ணும் போடல, பருப்புதான்."

அம்மா அவள் கொண்டுவருவதை மட்டும் மறுக்காமல் சாப்பிட்டாள். நான் மாதுங்காவில் வடாபாவ் தின்றேன். பசித்ததால் தின்றேன் என்று சொல்ல முடியாது. மதியம் ஆகிவிட்டதால் தின்றேன். எழுதின டிக்கெட்டுகளில் பாதிக்குமேல் துபாய் டிக்கெட்தான். ஒன்றிலும் அடித்தல் திருத்தல் இல்லை.

உல்லாஸ்நகரிலிருந்து அப்பா வழிச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பதினாறாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அவர்களுக்குள் வாக்குவாதம். செத்த நாளிலிருந்தா, எரிக்கிற நாளிலிருந்தா? அம்மா அப்போதும் நெற்றியில் குங்குமத்தோடு இருந்தாள். ஒரு அத்தை அதைப் பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் தாங்காமல் கேட்டே விட்டாள்.

"அவிய வரட்டும்," என்றாள் அம்மா.

மழை விடவில்லை. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை, சரியாக அப்பாவின் தலைமாட்டில் ஒழுகியது. அம்மா அங்கே அந்தச் சோற்றுப் பானையை வைத்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்து நிறைந்ததும் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி வைப்பாள். இரவில் நாங்கள் இருவரும் அந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரத்தில் ஏஜென்சி டெலக்ஸுக்கு அப்பாவின் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. குடும்பம் சம்மதித்தால் இந்து முறைப்படி அங்கேயே எரித்துவிடுகிறோம், மறுநாளே முடித்து அஸ்தியை அனுப்பிவைக்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி, அறுபதடி ரோட்டில் பை தைக்கும் பட்டறையில் கட்டர். அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

"எக்கா, சரின்னு சொல்லிருவோம். எத்தன நாளா ஊர்ச் சோத்தத் தின்னுட்டுக் கெடக்குறது? அடுப்பப் பத்த வையி. அத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"வீட்டுல பொணம் கெடக்கும்போது எவளாவது அடுப்புப் பத்த வைப்பாளா?"

"எங்கன கெடக்கு? காட்டு பாப்போம், எங்கன கெடக்கு?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "மூணு மணி நேரத் தூரத்துலதான கெடக்கு? இந்தா இருக்குற விக்ரோலியில கெடந்தா பத்த வைக்கச் சொல்லுவியா? இந்த மழைக்கு விக்ரோலிக்குப் போயிட்டு வர மூணு மணி நேரம் ஆவுதா இல்லியா?"

 மாமா என்னைப் பார்த்தார். படித்த பிள்ளை, நீயாவது சொல் என்ற பார்வை.  எனக்கு மைல் கணக்குத் தெரியும், நேரக் கணக்குத் தெரியும். இரண்டும் அம்மா பக்கம்தான் இருந்தன.

"அவிய இந்த வீட்டுக்கு வந்துதான் போகணும்," என்றாள் அம்மா. "நான் வேற எதுவும் கேக்கல."

மறுநாள் சாரிடம் சொன்னேன். சம்மதம் இல்லை, உடல் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவரே டெலக்ஸ் அடித்தார். சரக்குப் பிரிவில் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு வந்து நின்று, "இன்னிக்கு ஏத்திட்டா. பத்தரைக்கு இறங்கிடும், ஸஹார் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பு," என்றார்.

மாமாவும் நானும் போனோம். ஆட்கள் இறங்கும் பக்கம் எனக்குத் தெரியும், அப்பாவைக் கூப்பிட எத்தனையோ தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சரக்கு இறங்கும் பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். பெரிய ஷெட். அட்டைப்பெட்டி, இரும்புச் சாமான், கோணிச்சாக்கு. கவுன்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிளைட் டைம் பே ஆயா," என்றார். விமானம் நேரத்துக்கு வந்துவிட்டதாம். அதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னார். நானும் தலையாட்டினேன். மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டார் அப்பா. சுங்கக்காரர்கள் கையெழுத்துப் போட அதற்கு மேலும் ஆனது.

பெட்டியை இரண்டு பேர் டிராலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மரப்பெட்டி, மேலே கறுப்பு மையில் மூன்று மூன்று எழுத்து. துபாய், பம்பாய். தினமும் நான் எழுதும் அதே எழுத்துகள், முன்பின்னாக. மாமா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நான் அந்த எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தன.

டெம்போ எங்கள் சந்து முனைக்கு வந்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். அதற்கு மேல் பெட்டி போகவில்லை. எங்கள் சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் வாசல்படியில் ஏறி நிற்க வேண்டும். பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ரோட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே சயான் சுடுகாட்டுக்குக் கொண்டு போய்விடலாம் என்று பேச்சு எழுந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சரி என்றார்கள்.

அம்மா சந்துக்குள்ளிருந்து நடந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். "ஒடைங்க," என்றாள்.

திறக்கக் கூடாது என்று தாளில் எழுதியிருக்கிறது என்றார் டெம்போக்காரர். மாமா பட்டறைக்கு ஓடிப்போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். எப்படியும் தகட்டோடு எரிக்க முடியாது, அங்கே திறப்பதை இங்கே திறப்போம் என்றார். மரம் உடைந்தது. தகட்டை வெட்டினார்கள். மருந்து வாடையில் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். லாத்தாவின் புருஷனும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளைத் துணி சுற்றிய அப்பாவை வெளியே எடுத்தார்கள். பெட்டி இல்லாமல் அவர் சந்துக்குள் சுலபமாகப் போனார். எப்போதும் போய்க்கொண்டிருந்த சந்துதானே.

அம்மா தலைமாட்டில் இருந்த பானையை எடுத்தாள். அப்பாவை அந்த இடத்தில் படுக்க வைத்தார்கள். அளவு சரியாக இருந்தது. முகம் கறுத்திருந்தது, மூக்கில் பஞ்சு. அப்பாதான்.

மாமா வெளியே வானத்தைப் பார்த்தார். "சட்டுன்னு தூக்கிருவோம்க்கா. இருட்டிரும். ஒடம்பும் தாங்காது."

அம்மா அப்பாவின் தோளருகே உட்கார்ந்தாள். நன்றாகச் சம்மணம் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூணு மணி நேரம் இருக்கட்டும்," என்றாள்.

 மாமா வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பெண்கள் அழுதார்கள். இப்போது நடுவில் முகம் இருந்ததால் ஒப்பாரி தடையில்லாமல் ஓடியது. பிறகு அவர்களும் ஓய்ந்தார்கள். அம்மா அழவில்லை. அப்பாவின் கையைத் துணிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். குழாயில் இப்போது காலை நாலு மணிக்கே தண்ணீர் வந்துவிடுகிறது என்றாள். தகரம் ஒழுகுகிறது, மழை விட்டதும் மாற்ற வேண்டும் என்றாள். பிள்ளைக்கு ஆபீஸில் நல்ல பெயர் என்றாள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டவ் மூலையில் துடைத்த மேனிக்கு இருந்தது. பொங்கிவிடும் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இருட்டி, சந்து விளக்குகள் எரிந்தன. அம்மா யாரிடமும் மணி கேட்கவில்லை. அவளாகவே கையை எடுத்தாள். "தூக்குங்க," என்றாள்.

தூக்கிக்கொண்டு போனார்கள். லாத்தாவும் நானும் வீட்டைக் கழுவினோம். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்து ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை நாள் கிடந்ததில் துளை அடைத்துக்கொண்டிருந்தது. பின் போட்டுக் குத்தினாள், பம்ப் அடித்தாள். குப்பென்று பிடித்து இரைந்தது. உலை வைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இரைச்சலில் முதலில் எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவ அவிய பக்கத்துலேருந்து நான் எந்திரிக்கவே இல்ல, பாத்தியாட்டி?"

பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.